மாடன் மீச ஏன் கூர்மையா வரல? டேப்லெட் பேனாவுக்குள்ள நடக்குத கத

போன மாசம் சித்தி மவன் ஊர்ல இருந்து வந்தான், கையில ஒரு புது டேப்லெட், சட்டப் பையில ஒரு பேனா. அவங்க ஊர்ல சுடலமாடன் கோவில் கொடை, அதாவது திருவிழா, வருது. வழக்கமா நெட்ல இருந்து ஒரு படத்த எடுத்து ஃப்ளெக்ஸ்ல போட்டுருவாங்க, இந்த வருசம் நானே வரஞ்சு தாரேன்னு கமிட்டிக்காரங்க கிட்ட வாக்கு குடுத்துட்டு வந்து நிக்கான். மூஞ்சிய நல்லாத்தான் வரஞ்சிருந்தான், உண்மையச் சொல்லணும், அந்தக் கண்ணு உருட்டுன உருட்டுல எனக்கே ஒரு நிமிசம் திக்குன்னு இருந்துச்சு. ஆனா மீச? "எண்ணே, எம்புட்டு அழுத்துனாலும் ஒரே தண்டியிலதான் வருது, கம்பளிப்பூச்சிய ஒட்ட வெச்ச மாதிரி இருக்கு"ன்னான்.

பேனாவ வாங்கிப் பாத்தேன். முனையில பட்டாணி சைஸுக்கு ஒரு கருப்பு ரப்பர். இருநூறு ரூவாயாம், எல்லா போனுக்கும் எல்லா டேப்லெட்டுக்கும் ஓடும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. அதுல பொய் ஒன்னும் இல்ல, நம்ம சுட்டு விரலும்தான் எல்லா போன்லயும் ஓடுது. அந்தப் பேனா ஒரு ரப்பர் விரலு, அம்புட்டுத்தான். ஏல இதுல எப்படில மீச வரும்னு கேட்டுட்டு அன்னைக்கு ராத்திரி அவன உக்கார வெச்சு சொன்னதத்தான் கொஞ்சம் நீட்டி இங்க எழுதுதேன், ஏன்னா இதே கேள்விய இதுக்கு முன்ன நாலஞ்சு பேரு கேட்டாச்சு, எல்லாரும் காச விட்டுட்டுத்தான் கேக்காங்க.

மொதல்ல அந்த மீசயப் பாப்போம். மூக்குக்குக் கீழ மயிரிழையா ஆரம்பிச்சு, கன்னத்துக்கு வரும்போது விரல் தண்டிக்கு ஊதி, அங்கன இருந்து மேல திரும்பி காதுகிட்ட ஊசி முனையா முடியணும், இம்புட்டும் ஒரே இழுப்புல. எங்க மாமா செவரெழுத்து ஆர்ட்டிஸ்ட்டு, ஃப்ளெக்ஸ் வாரதுக்கு முன்ன டவுண்ல கட போர்டு, எலக்‌ஷனுக்குச் செவரு, கொடைக்கு மாடன்னு எல்லாம் அவரு கைதான். அவரு சொல்லுவாரு, "வைக்கும்போது ஒத்த முடி, நடுவுல மொத்த பிரஷ்ஷு, எடுக்கும்போது திரும்ப ஒத்த முடி, அம்புட்டுதாம்டே மீச"ன்னு. பிரஷ்ஷுல இது தானா நடக்கும், அழுத்துனா முடி விரியும், தூக்குனா குவியும். கண்ணாடி மேல முடி ஏது? அதனால பேனாதான் நொடிக்கு நூறு இருநூறு தடவ டேப்லெட்டுக்குத் தகவல் சொல்லிக்கிட்டே இருக்கணும், நான் இன்ன இடத்துல இருக்கேன், இம்புட்டு அழுத்தத்துல இருக்கேன்னு. அத வெச்சு வரையுத ஆப்பு (app) கணக்குப் போட்டு கோட்ட ஊதவோ ஒடுக்கவோ செய்யும். ரப்பர் பேனா இதுல ஒரு வார்த்த கூட பேசாது.

டச் ஸ்க்ரீன் எப்படி விரலக் கண்டுபிடிக்குதுன்னு தெரிஞ்சா இது சட்டுன்னு புரியும். கண்ணாடிக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத கம்பிக குறுக்கும் நெடுக்குமா ஓடுது, பத்தமடைப் பாயில பாவும் ஊடையும் ஓடுத மாதிரின்னு வெச்சுக்கோங்க. அதுல லேசா மின்சாரத் துடிப்பு போய்க்கிட்டே இருக்கும். நம்ம ஒடம்பு மின்சாரம் கடத்தும்கிறதால விரல் பக்கத்துல போனா அந்த இடத்துல மட்டும் சார்ஜ் கொஞ்சம் கொறையும், எந்தக் கம்பியும் எந்தக் கம்பியும் சந்திக்கிற இடத்துல கொறஞ்சுதுன்னு பாத்து, இன்னா இங்கதான் விரல் இருக்குன்னு முடிவு பண்ணும். இதுல கூத்து என்னன்னா, தொடுத இடம் ஓரளவுக்கு அகலமா இருந்தாத்தான் அதுக்கு ஒறைக்கும். ஊசி முனைய வெச்சா ஒன்னுமே நடக்காது. அதான் அந்தப் பேனாவுக்கு பட்டாணி முனை. சில பேனால முனை ஊசியா இருக்கும், அடியில தெளிஞ்ச பிளாஸ்டிக் வட்டு ஒன்னு ஒட்டியிருக்கும், அதுவும் இதே சங்கதிதான், வட்டுதான் விரலு, ஊசி நம்ம கண்ணுக்கு.

இதுக்கு மேல ஒரு படி போனா பேட்டரி போட்ட பேனா. முனையில இருந்து அதுவே ஒரு சிக்னல அனுப்பும், ஸ்க்ரீன்ல இருக்கிற அதே கம்பிக அதக் கேட்டு இடத்தக் கண்டுபிடிக்கும், பேனாவே பேசுததால முனை மெல்லிசா இருந்தாலும் போதும். உள்ள அழுத்தத்த அளக்குத சென்சார் வெச்சு அந்த அளவையும் சேத்து அனுப்பலாம். 2015ல ஐபேட் ப்ரோ கூட வந்த ஆப்பிள் பென்சில் இந்த ஜாதிதான். ஆனா பெரும்பாலும் ஒவ்வொரு கம்பெனி பேனாவும் ஒவ்வொரு பாஷ பேசும், ஆப்பிள் பேனாவ ஆண்ட்ராய்டு டேப்லெட்ல வெச்சா செவிடன் காதுல ஊதுன சங்கு. இங்கனதான் ரெண்டாவது தடவ காசு போகும். ஆயிரத்து ஐந்நூறு ரெண்டாயிரத்துக்கு ஐபேட் பென்சில் மாதிரியே ஒன்னு விக்குதாங்க, மெல்லிசு முனை, சாச்சு வரைஞ்சா ஷேடிங் வரும், கைய ஸ்க்ரீன்ல ஊனினாலும் கோடு விழாது, எல்லாம் சரி, அழுத்தம் மட்டும் கிடையாது. நோட்ஸ் எடுக்குத புள்ளைங்களுக்கு தாராளமா போதும். மாடனுக்குப் போதாது. ஏன், ஆப்பிளே 2023ல விட்ட யூஎஸ்பி-சி பென்சில்லயும் அழுத்தம் கிடையாது, பேரப் பாத்து வாங்குனவங்க வீட்டுக்கு வந்து மீச வரஞ்சு பாத்துட்டு முழிக்காங்க.

மூனாவது ஜாதிதான் எனக்குப் பிடிச்சது, கொஞ்சம் மந்திரம் மாதிரி இருக்கும். பேனாவுல பேட்டரியே இருக்காது, சார்ஜ் போட வேண்டாம், ஒயர் கிடையாது, ஆனாலும் அழுத்தம் தெரியும். ஜப்பான்ல 1983ல ஆரம்பிச்ச வேக்கம் (Wacom) கம்பெனி வளத்தெடுத்த முறை இது, மின்காந்த ஒத்ததிர்வுன்னு தமிழ்ல சொல்லலாம், பேரு பெருசா இருக்கேன்னு மெரள வேண்டாம். நெல்லையப்பர் கோவில் மணி மண்டபத்துல இசைத் தூணு பாத்திருப்பீங்க, ஒரே கல்லுல பெரிய தூணச் சுத்தி 48 சின்னத் தூணு. ஒவ்வொன்னும் அதது தண்டிக்கும் நீளத்துக்கும் ஏத்த மாதிரி தனித்தனி சத்தம் குடுக்கும், தூணுக்குள்ள யாரும் பேட்டரி வைக்கல, தட்டுதவன் குடுக்குத சக்தியே அதுக்குப் போதும். பேனாவுக்குள்ளயும் இதே கததான். ஒரு கம்பிச் சுருளு, மின்சாரத்தக் கொஞ்சம் சேத்து வைக்குத ஒரு கெப்பாசிட்டர், ரெண்டையும் சேத்து ஒரு குறிப்பிட்ட சுருதியில அதிருத மாதிரி செஞ்சு வெச்சிருப்பாங்க. டேப்லெட்டுக்கு அடியில இருக்கிற பலகை மின்காந்த அலைய விட்டு அதத் 'தட்டும்', தட்டிட்டு ஒடனே நிறுத்திட்டு காதக் குடுத்துக் கேக்கும், பேனா அந்தச் சக்தியிலயே லேசா 'ரீங்'ன்னு பதில் சொல்லும். பலகையிலயும் வரிசையா சுருளு இருக்கு, அதுல எந்தச் சுருளுக்கு மேல சத்தம் கூட கேக்குதோ அங்கதான் பேனா. முனைய அழுத்துனா உள்ள கெப்பாசிட்டர் அளவு மாறி சுருதி ஒரு துளி மாறும், அந்த மாத்தத்த வெச்சு அழுத்தம் எம்புட்டுன்னு கண்டுபிடிச்சுரும். இம்புட்டும் நொடிக்கு ஆயிரக்கணக்குல நடக்கு. பேனா ஸ்க்ரீனத் தொடவே வேண்டாம், ஒரு சென்டிமீட்டர் ஒசரத்துல வரும்போதே கர்சர் நகரும், ஏன்னா சத்தம் கேக்க தொடணும்னு அவசியம் இல்லல்லா.

2011ல வந்த கேலக்ஸி நோட் போனுல எஸ் பென்னுன்னு ஒன்னு செருகி வந்துச்சே, அதுவும் வேக்கம் முறைதான், இன்னைக்கும் சாம்சங் டேப்லெட் கூட பெட்டியிலயே குடுக்கிற பேனா இதே ஜாதி. பின்னாடி ஹூயான், எக்ஸ்பி-பென் கம்பெனிக்காரங்களும் பேட்டரி இல்லாத பேனாவ விட ஆரம்பிச்சதும் வெல சாமானியன் கைக்கு எட்டுத மாதிரி எறங்கிச்சு.

நம்ம ஊருக்கு இதுல ஒரு தனிச் சங்கதி இருக்கு, வேர்வை. சித்திரை வைகாசியில பாளையங்கோட்டையில மத்தியானம் கரண்டு போச்சுன்னா கை ஈரத்துணி மாதிரி ஆயிரும். விரலக் கண்டுபிடிக்குத கம்பிக்கு தண்ணியும் மின்சாரம் கடத்துத பொருள்தான், அதனால ஒரு சொட்டு வேர்வை விழுந்தாலும் விரலுன்னு நெனச்சு எங்கயோ ஒரு புள்ளி போட்டுரும், இல்ல படத்தையே ரெண்டு விரலால இழுத்த மாதிரி சுழட்டி விட்டுரும். தட்டிக் கேக்குத முறைக்கு வேர்வையப் பத்திக் கவலயே கிடையாது, அதுக்கு அந்த ஒரு சுருதி மட்டுந்தான் காதுல விழும், ஆனா அதுலயும் டேப்லெட்ல டச்சும் சேந்து இருக்கும் பாத்துக்கோங்க, செட்டிங்ஸ்ல விரலால வரையுதத அணைச்சு வைக்கணும். சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் மட்டும் ஒரு கையுறை விக்கான், ஸ்டைலுக்குன்னு நெனச்சேன் நானும், இல்ல, வேர்வைக் கை கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இழுப்பு பாதியில நின்னுருது, அதுக்குத்தான். நான் பழைய சாக்ஸ வெட்டி மாட்டுதேன், அதுவும் இதே வேலைதான் செய்யுது.

இன்னொன்னு சார்ஜர். ஒருநா ராத்திரி நேர் கோடு இழுத்தா நடுங்குது, என்னடா கை தளந்து போச்சான்னு பயந்துட்டேன். அப்புறம் பாத்தா போனுக்குக் குடுத்த சார்ஜர எங்கயோ தொலைச்சுட்டு பேரில்லாத ஒரு ரெண்டு முள்ளு சார்ஜர்ல மாட்டிக்கிட்டே வரஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன், பிடுங்குனதும் கோடு கம்பி மாதிரி வந்துச்சு. மட்டமான சார்ஜர் மின்சாரத்துல இரைச்சலக் கலந்து விடும், அம்புட்டு மெல்லிசான சிக்னல அளந்துக்கிட்டு இருக்குத பலகைக்கு அந்த இரைச்சல் தாங்காது. பட்டிமன்றம் நடக்குத எடத்துல ஸ்பீக்கர் 'கொய்ங்'குன மாதிரி. கோடு நடுங்குனா மொதல்ல சார்ஜரப் பிடுங்குங்க, அப்புறம் பேனாவ வையலாம்.

இப்ப கடையில தவறாம சொல்லுத நம்பருக்கு வாரேன். 8192 அழுத்த நிலைன்னு பெட்டியில கொட்ட எழுத்துல போட்டிருப்பான், இப்ப 16384 வரைக்கும் போயாச்சு. ஒன்னு ரெண்டு நாலுன்னு இரட்டிச்சுக்கிட்டே போற கணக்கு அது, 1024, 2048, 4096, 8192. கேக்க நல்லா இருக்கும். ஆனா மீசையோட நடுப்பாகம் ஸ்க்ரீன்ல நாப்பது பிக்சல் அகலம்னு வெச்சுக்கோங்க, ஒரு பிக்சல்ல இருந்து நாப்பதுக்குப் போக எத்தன படி வேணும்? எட்டாயிரம் படி வெச்சு என்ன செய்ய, நம்ம கைக்கே அம்புட்டு வித்தியாசம் தெரியாது. 1024 இருந்த காலத்துலயே ஆளுக பிரமாதமா வரஞ்சிருக்காங்க.

பெட்டியில போடாத நம்பர்தான் முக்கியம். எம்புட்டு லேசாத் தொட்டா பேனா 'ஆங், தொட்டாச்சு'ன்னு ஒத்துக்குதுங்கிறது. நல்ல பேனா ரெண்டு மூனு கிராம் எடையிலயே ஒத்துக்கும், மட்டமானதுக்கு அதப் போல பல மடங்கு அழுத்தணும். மாமா சொன்ன 'ஒத்த முடி' இருக்கே, அது மொத்தமும் இந்தக் கொஞ்ச கிராமுக்குள்ளதான் இருக்கு. பேனா முழிச்சுக்கவே இருவது கிராம் வேணும்னா மீச மயிரிழையா ஆரம்பிக்காது, கடப்பாரையா ஆரம்பிக்கும், முடியும்போது ஊசி முனை வாரதுக்கு முன்னாலயே பேனா தூங்கிப் போயிரும், நுனி அறுந்த மாதிரி நிக்கும். கடையில டெமோவுக்கு வெச்சிருந்தா இதச் செஞ்சு பாருங்க: பேனாவ விரல்ல தொங்க விட்டாப்ல லேசாப் பிடிச்சு, அதோட எடை மட்டும் ஸ்க்ரீன்ல படுத மாதிரி இழுங்க. கோடு விழுந்தா வாங்கலாம். அடுத்தது ஒரு ஸ்கேல சாச்சு வெச்சு மெதுவா, ரொம்ப மெதுவா ஒரு கோடு இழுங்க. வேகமா இழுத்தா எந்த டேப்லெட்டும் நேராத்தான் போடும், மெதுவா சாய்வா இழுக்கும்போதுதான் சிலது ஆத்துல அலை மாதிரி நெளியும், அது அடியில இருக்கிற கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல எடத்தக் கணக்குப் பண்ணத் தெரியாம முழிக்கிறது. கடைக்காரர் மொறைச்சா மொறைக்கட்டும்.

ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா அழுத்த வளைவுன்னு ஒரு செட்டிங் இருக்கும், கிரிட்டா, ப்ரோக்ரியேட்னு வரையுத ஆப்பு எல்லாத்துலயும் உண்டு. ஒரு சதுரத்துக்குள்ள மூலையில இருந்து மூலைக்கு ஒரு கோடு, அத நடுவுல பிடிச்சு மேல தூக்குனா லேசா அழுத்துனாலே தண்டியா வரும், கீழ எறக்குனா நல்லா அழுத்துனாத்தான் வரும். என் கை கனத்த கை, பள்ளிக்கூடத்துல அடுத்த பக்கத்துல அச்சு விழுத மாதிரி எழுதுனவன், நான் கீழ எறக்கித்தான் வெச்சிருக்கேன். பாதிப் பேரு இதத் தொடாமலே பேனா சரியில்லன்னு வித்துருதாங்க.

அடுத்து, ஸ்க்ரீன் உள்ளது வாங்கவா இல்லாதது வாங்கவான்னு கேப்பாங்க. ஸ்க்ரீன் இல்லாத பேனா பலகைன்னா மேசையில கருப்பா ஒரு பலகை, அதுல கை ஓடும், கண்ணு கம்ப்யூட்டரப் பாக்கும். கை ஒரு பக்கம் கண்ணு ஒரு பக்கமான்னு மூஞ்சி சுளிப்பாங்க. ஆனா இந்தச் சாமானோட பாட்டனே அப்படித்தான் இருந்துச்சு. 1963ல அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட்னு கம்ப்யூட்டர்ல வரையுத ப்ரோகிராம் ஒன்னு செஞ்சாரு, ஒளிப் பேனாவ டிவி மாதிரி நிமிந்து நிக்கிற ஸ்க்ரீன்லயே வெச்சு வரையணும், கொஞ்ச நேரத்துல கை கடுத்துப் போயிரும். அடுத்த வருசமே, 1964ல, அங்கயே ராண்டுங்கிற ஆராய்ச்சி நிறுவனத்துல ஒரு பலகை செஞ்சாங்க, பத்து இஞ்சுக்குப் பத்து இஞ்சு, உள்ள குறுக்க 1024 நெடுக்க 1024 கோடு, பத்து லட்சத்துக்கு மேல புள்ளி, பலகை மேசையில, படம் எதிர்த்த ஸ்க்ரீன்ல. இன்னைக்கு மூவாயிரம் நாலாயிரத்துக்கு வாங்குத பலகையோட அமைப்பு அதேதான். சைக்கிள் மாதிரி, மொத வாரம் எரிச்சல் வரும், ரெண்டாவது வாரம் மறந்துரும். கை படத்த மறைக்காதுங்கிறது ஒரு வசதி, கழுத்து வலிக்காதுங்கிறது நாப்பது வயசுக்கு மேல தெரியுத வசதி. வீட்டுல அரசாங்கம் குடுத்த பழைய லேப்டாப் கெடந்தா அதுல இலவசமா கிரிட்டாவப் போட்டு இந்தப் பலகைய மாட்டினா போதும், ஆரம்பிக்கதுக்கு இதவிடச் சல்லிசா வழி கிடையாது. பல பலகைக ஓடிஜி ஒயர்ல, அதாவது போனோட சார்ஜ் ஓட்டையில வேற சாமான மாட்டுத ஒயர்ல, போன்லயே ஓடும்.

ஸ்க்ரீன்லயே வரையுதுக்கு வேற ரெண்டு தொந்தரவு உண்டு. குறுக்குத்துறை படித்துறையில நின்னு தண்ணிக்குள்ள கெடக்குத காச எடுக்கப் போயிருக்கீங்களா, கண்ணு ஒரு இடத்தக் காட்டும், கை போய் வேற இடத்துல மணல அள்ளும். கண்ணாடிக்கும் அடியில படம் தெரியுத அடுக்குக்கும் நடுவுல இடைவெளி இருந்தா அந்த மாதிரிதான், பேனா முனை ஒரு இடம், கோடு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு இடம். கண்ணாடியையும் டிஸ்ப்ளேயையும் ஒன்னா ஒட்டி வர்ற மாடல்ல இது தெரியாது, சாதா ஐபேட்ல ஒட்டாம இருக்கும், ஏர், ப்ரோல ஒட்டியிருக்கும், வெல வித்தியாசத்துல ஒரு பங்கு அதுக்குத்தான். 

இன்னொன்னு பின்தங்கல். பேனா சொல்லி, டேப்லெட் கேட்டு, ஆப்பு கணக்குப் பண்ணி, படம் மாறி வாரதுக்குள்ள கை முன்னால போயிருது. மீச நுனிய வெடுக்குனு இழுக்கும்போது கை நொடிக்கு முப்பது சென்டிமீட்டர் வேகத்துல போகுதுன்னா, 50 மில்லிசெகண்ட் தாமதத்துக்கு கோடு ஒன்னரை சென்டிமீட்டர் பின்னால வரும், நாய்க்குட்டி மாதிரி. ஸ்க்ரீன் நொடிக்கு 60 தடவ மாறுதுன்னா ஒரு தடவைக்கே 16.7 மில்லிசெகண்ட், 120ன்னா 8.3. ஆப்பிள்காரன் 2019ல ஐபேட் ஓஎஸ் 13ல தாமதத்த 20ல இருந்து 9 மில்லிசெகண்டுக்குக் கொறைச்சேன்னான், அதுல ஒரு பங்கு வேல ஜோசியம், கை அடுத்து எங்க போகும்னு முன்கூட்டியே யூகிச்சு கோட்ட நீட்டி வைக்கிறது. இத நீங்களே அளக்கலாம், போன்ல நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன்ல எடுத்து, பேனா தாண்டின இடத்துக்கு கோடு வந்து சேர எத்தன ஃப்ரேம்னு எண்ணுங்க, ஒரு ஃப்ரேமுக்கு நாலு மில்லிசெகண்ட் சொச்சம். நான் உக்காந்து எண்ணியிருக்கேன், வீட்டுல கோட்டிக்காரன்னு பாத்தாவ.

தாமதத்த வேணும்னே கூட்டுத ஒரு சங்கதியும் உண்டு, ஸ்டெபிலைசர். கை நடுக்கத்த மறைக்க கடைசி சில புள்ளிகளோட சராசரிய எடுத்துத்தான் கோடு போடும், பேனா முனையில ஒரு கயிறக் கட்டி பிரஷ்ஷ இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். எங்கம்மாவ ஒருநா சிக்குக் கோலம் போடச் சொன்னேன் டேப்லெட்ல. ஸ்டெபிலைசர கூட்டி வெச்சிருந்தேன், உதவியா இருக்கும்னு. ரெண்டு புள்ளியச் சுத்துனதும், "என்னல இது, பின்னால இருந்து யாரோ சேலயப் பிடிச்சு இழுக்க மாதிரி இருக்கு"ன்னு பேனாவ வெச்சுட்டாவ. அணைச்சுட்டுக் குடுத்தேன், சரசரன்னு போட்டாவ. நாப்பது வருசமா வாசல்ல மாவ விட்ட கைக்கு எவன் சராசரி வேணும்? பழகாத கைக்குத்தான் அது ஊன்றுகோல், கூட்டி வெச்சுக்கிட்டே பழகுனா கை எப்பவும் பழகாது. மாடன் மீசைக்கு நான் கொஞ்சூண்டு மட்டும் வைப்பேன், ஏன்னா அது வேகத்துல வர்ற கோடு.

படத்த முடிச்சு ஃப்ளெக்ஸுக்குக் குடுக்கும்போது அளவு கேப்பாங்க, அங்க ஒரு தடவ முழிக்கணும். ஏ4 தாளு 300 டிபிஐன்னா, அதாவது ஒரு இஞ்சுக்கு 300 புள்ளின்னா, 2480க்கு 3508 பிக்சல், ஒரு லேயருக்கு (ஒன்னு மேல ஒன்னா அடுக்குத கண்ணாடித் தாளு மாதிரி) ஏறக்குறைய 35 எம்பி மெமரி. இருவது லேயருன்னா 700 எம்பி, நாலு ஜிபி டேப்லெட் அங்கனயே மூச்சு வாங்கும், ப்ரோக்ரியேட்ல லேயருக்கு எல்ல வெச்சிருக்கிறது இதனாலதான், கஞ்சத்தனம் இல்ல. பத்தடிக்கு ஆறடி ஃப்ளெக்ஸ 300 டிபிஐல வரையப் போறேன்னு கெளம்புனா தொலஞ்சோம். ஃப்ளெக்ஸ் தூரத்துல இருந்து பாக்குத சாமான், 72 போதும், அதுவே 8640க்கு 5184 பிக்சல் வந்துரும், அதுல பாதி அளவுல வரஞ்சு பெருசாக்கினாலும் ரோட்டுல நின்னு பாக்குதவனுக்குத் தெரியாது. கலர்லதான் அடி வாங்குவோம். ஸ்க்ரீன் வெளிச்சத்தால கலர் காட்டுது, மிஷின் நாலு மையால காட்டுது, ஸ்க்ரீன்ல பளபளன்னு எரியுத பச்சையும் நீலமும் அச்சுல வெளிறிப் போகும். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) நாடகத்துக்கு சீன் எழுதிக்கிட்டு இருந்துட்டு காலண்டர் சாமிக்கு வந்தவரு, அந்தப் படங்க சிவகாசியில அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்குச்சு. காலண்டர் சாமியோட செவப்பும் மஞ்சளும் பாத்தே வளந்த ஊரு இது, ஃப்ளெக்ஸ்ல மாடன் முகம் சாம்பல் பூத்திருந்தா கமிட்டி விடுமா? மொதல்ல ஒரு சின்னத் துண்டு அச்சடிச்சுப் பாத்துக்கிடணும்.

வெளிய கொண்டு போய் வரையுத ஆசையும் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு. தாமிரபரணியும் கடனா நதியும் சேருத திருப்புடைமருதூர்ல கோவில் கோபுரத்துக்குள்ள அடுக்கடுக்கா பழைய சுவர் ஓவியம் இருக்கு, மரச் சிற்பமும் இருக்கு, மரக்கலத்துல குதிர வந்து எறங்குத படமெல்லாம் உண்டு. அதப் பாத்த ஜோருல ஆத்தங்கரையில உக்காந்து டேப்லெட்ட எடுத்தா ஸ்க்ரீன்ல என் மூஞ்சிதான் தெரியுது, வெயில்ல வெளிச்சத்த உச்சத்துல வெச்சும் ஒன்னும் தெரியல, அரை மணி நேரத்துல சூடாகி வெளிச்சத்த அதுவே கொறைச்சுக்கிட்டு. பையில ஒரு பால்பாயிண்ட் பேனா கெடந்துச்சு, பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால வரஞ்சுட்டு வந்தேன்.

சரி, சித்தி மவன் கதைக்கு வாரேன். அவன் டேப்லெட்டுக்குன்னு தனியா பேனா எதுவும் கிடையாது, விரல் மட்டும் தெரிஞ்ச மாடல், அதுக்கு இனிமே எத்தன ஆயிரத்துக்குப் பேனா வாங்கினாலும் அழுத்தம் வராது, டேப்லெட் வாங்குதக்கு முன்னாலயே கேட்டிருக்கணும். என் பழைய பேனா பலகையக் குடுத்து போன்ல மாட்டி விட்டேன். ரெண்டு நா திட்டிக்கிட்டே வரஞ்சான், மூனா நா எடது மீச வந்துருச்சு, மயிரிழையில ஆரம்பிச்சு ஊசியில முடிஞ்சுது. வலது மீச மட்டும் வரவே மாட்டேங்கி. பத்து தடவ இழுத்தும் நுனி தொங்கிப் போகுது, எடத காப்பி எடுத்துத் திருப்பி ஒட்டிரவான்னு கேக்கான்.

மாமா அன்னைக்கு வீட்டுல இருந்தாரு. பேனாவ வாங்கி, பழக்க தோஷத்துல முனைய ரெண்டு விரலால திருகிக் கூராக்கிட்டு, அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துட்டு. "கை மணிக்கட்டு ஒரு பக்கந்தாம்ல வளையும். செவத்துல எழுதும்போது வலது மீசைக்கு நான் ஏணிய அந்தப் பக்கம் தூக்கிப் போட்டு ஏறுவேன், நீ என்ன செய்வ?"ன்னாரு. கேன்வாஸ ரெண்டு விரலால பிடிச்சுத் திருப்பலாம்னு நான் காட்டினேன். அவன் படத்தத் தலகீழாத் திருப்பிப் போட்டு, மாடன் தலைகீழா நிக்க, எடது மீச வந்த அதே பக்கமா கைய விட்டு இழுத்தான். கொடைக்குக் கால் நடுத கால்நாட்டுக்கு இன்னும் ரெண்டு நா இருந்துச்சு.